வீட்டைவிட்டு ஒரு யாத்திரை: நெல்லைக் கிறிஸ்தவர்களின் பாடுகள்

திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவம் வேரூன்றிய காலத்தில், வேதத்தில் சேர்ந்தவருக்கு வந்த சோதனை மனத்தோடு நிற்கவில்லை. வீடு, நிலம், சொந்தபந்தம் எல்லாவற்றையும் அது தொட்டது. பாடுகள் வழியாகவே ஆன்மா வளரும் என்று கிறிஸ்தவம் எந்த நாட்டிலும் போதித்து வந்திருக்கிறது. தாமிரபரணி வட்டாரத்தில் அந்தப் போதனையை முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் சாதாரண மனிதர்கள்.

அவர்களில் முதலாவதாக நிற்பவர் குளோரிந்தாள். மராட்டியப் பிராமண குலத்தில் பிறந்து கணவனை இழந்த அவர், ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்தார். முறையான திருமணம் இல்லாத உறவு என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டார். பிறந்த குலத்துக்கும் வேண்டாதவர். சேர விரும்பிய சபைக்கும் உடனே ஏற்றவர் அல்லர். அதிகாரி இறந்தபின் 1778இல்தான் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருப்பவர்கள் 40 பேர். அந்தச் சிறு கூட்டத்துக்கு அவரே தலைவி. 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். பெரிய பேராயர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் இருக்க, ஜனங்கள் வாயில் நின்றது அந்த விதவையின் பெயர்.

தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் பாடு வேறு விதமானது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் குடியிருக்க முடியாமல் தவித்தார்கள். உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் சாத்தான்குளத்துக்கு அருகே அவர்களுக்காக நிலம் வாங்கி 1799இல் குடியேற்றினார். அதுதான் முதலூர். பின்னர் இதே முறையில் வேறு குடியிருப்புகளும் தோன்றின. அடைக்கலம் கிடைத்தது, ஆனால் அக்கம்பக்கத்தோடு இருந்த உறவு அறுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த அனுபவம் முழு வடிவில் இலக்கியமானது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையிடம். அவர் 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். மகன் அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தார். 1853இல் சாயர்புரம் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியர் வேலை. வேலைக்குத்தான் போனார், மதம் மாறுவதற்கு அல்ல. தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தபோது அவர் மனமும் ஆட்டம் கண்டது. கடைசியில் சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, 1858 ஏப்ரலில் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற புதுப்பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. கிருஷ்ண பிள்ளை என்ற பழைய பெயரை அவர் விடவில்லை.

தம் காப்பியத்துக்கு அவர் கையிலெடுத்த மூலநூல் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை. அரசு அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பனியன் பெட்போர்டு சிறையில் 12 ஆண்டு கிடந்தவர். கதையின் தொடக்கத்திலேயே நாயகன், மனைவி மக்கள் பின்னாலிருந்து கூவக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான், முதுகில் பாவச்சுமை. இங்கிலாந்து வாசகருக்கு அது உருவகம். நெல்லையில் மதம் மாறிய வேளாளருக்கோ அது ஏறக்குறைய வீட்டு நடப்பு.

‘நற்போதகம்’ இதழில் தொடராக வந்து, 1894இல் நூலான ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஐந்து பருவங்களும் 3,700க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்ட காப்பியம். பனியனின் எளிய உரைநடை இங்கே கம்பன் நடை தழுவிய விருத்தமாகிறது. கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் கிருஷ்ண பிள்ளை தாமாகவே விரித்துச் சேர்த்தார். நூலின் உச்சம் அந்தப் பகுதிதான். பயணிக்கு இடர் வரும் இடங்களில் கதையை நிறுத்திவிட்டுத் தேவாரம் என்ற பெயரில் தாமே இயற்றிய பதிகங்களைப் பாட வைக்கிறார். துன்பத்தில் இறைவனை நெருங்கிப் பாடுவது ஆழ்வாரும் நாயன்மாரும் போட்ட பாதை. அதை விட்டுவிட்டு வேறு மொழியில் அழ அவருக்கு மனமில்லை போலும். தெய்வத்தை மாற்றிக்கொண்டவர் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் 1900 பிப்ரவரியில் மறைந்தார். காப்பியத்தைப் பெரும்பாலும் தமிழ் வகுப்புகளே இன்று படிக்கின்றன. ஆனால் ‘இரட்சணிய மனோகரம்’ என்ற தொகுப்பிலுள்ள அவருடைய பாடல்கள் ஆலய ஆராதனையில் இன்னும் ஒலிக்கின்றன.