மக்களவையில் கோவை: எதிர்வரிசையின் வேலைக் கேள்வி, கூலிக் கேள்வி

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்திலிருந்து மக்களவைக்குச் சென்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள், நடுவண் அரசின் வேலைவாய்ப்பு, கூலி, வரி, ஆலைக் கொள்கைகளைக் கேள்வி கேட்ட வரலாறு நெடியது. கோவை முதலாளிகளின் ஊர் என்றுதான் வெளியூரில் பெயர். பஞ்சாலை, பம்புசெட், பவுண்டரி, கிரைண்டர் என்று சொந்தக் கையால் தொழில் கட்டியவர்களின் ஊர்தான். ஆனால் அந்த ஊரின் மக்களவைப் பட்டியலைப் பார்த்தால் 1957, 1967, 1971, 1974, 1977, 2004, 2009, 2019 ஆகிய எட்டுத் தேர்தல்களில் பொதுவுடைமைக் கட்சிகளில் ஒன்று வென்றிருக்கிறது. மில் கேட்டில் பேசப்பட்டது டெல்லியில் கேள்வியாக மாறியதற்கு இதுவே அடிப்படை.

முன்வரலாறு

இந்த மரபு தொழிலாளர் தலைவர்களிடம் தொடங்கவில்லை. 1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம்தான் சட்டசபைகளில் அரசைக் கேள்வி கேட்கும் உரிமையை முதன்முதலில் தந்தது. அந்த உரிமையைக் கோவை சார்பில் நன்கு பயன்படுத்தியவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1920களில் சுயராஜ்யக் கட்சிக்காரராக மத்திய சட்டசபையில் எதிர்வரிசையில் இருந்தார். உள்நாட்டு மில் துணி மீது வெள்ளை அரசு விதித்திருந்த மூன்றரை விழுக்காடு உற்பத்தி வரி 1926இல் ஒழிந்தது. அடுத்த ஆண்டு ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிறுத்தும் மசோதா மூன்றே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ரூபாய் விலை ஏறினால் லங்காஷயர் துணி இங்கே மலிவாகும், உள்ளூர் மில் படுக்கும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். பிற்பாடு அவரே சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி 1947 நவம்பர் 26இல் முதல் பட்ஜெட்டைப் படித்தார்.

அவர் பேசியது ஆலையின் தரப்பை. ஆலைக்குள் இருந்தவர்களின் தரப்பு வேறு வழியில் வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழுந்தன. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் ஷிப்டுக்கு நடந்தே வந்தார்கள். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரும் 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று ஊர் இன்றும் அவர்களைச் சொல்கிறது. பதினொரு ஆண்டு கழித்து இதே ஊர் ஒரு தொழிற்சங்கத் தலைவியை மக்களவைக்கு அனுப்பியதை இந்த நினைவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

பார்வதி கிருஷ்ணன்

கோவையின் எதிர்வரிசை வரலாற்றில் மையமாக நிற்பவர் பார்வதி கிருஷ்ணன் (1919–2014). குமாரமங்கலம் ஜமீன் வீட்டுப் பெண். தந்தை டாக்டர் பி. சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தாய் ராதாபாய் மத்திய சட்டசபையின் மேலவையில் இடம்பெற்றவர். அண்ணன் ஒருவர் தரைப்படைத் தளபதி, இன்னொரு சகோதரர் மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சர். ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பியவர், ஏ.ஐ.டி.யு.சி. சங்க வேலையில் இறங்கினார். 1954 முதல் மாநிலங்களவையிலும், 1957இல் கோவையிலிருந்து மக்களவையிலும் உட்கார்ந்தார். அந்த அவையில் 27 பேருடன் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியே மிகப்பெரிய எதிர்க்கட்சி.

அந்த ஆண்டின் சூழலைத் தெரிந்துகொண்டால்தான் மில் ஊர் உறுப்பினர் ஒருவர் என்ன கேட்க வேண்டியிருந்தது என்பது புரியும். 1957 மார்ச்சில் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கான மத்திய ஊதியக்குழு அமைந்தது. ஜூலையில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எதை வைத்துக் கணக்கிடுவது என்று வரையறுத்தது. உழைப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகு, அலகுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு, ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி, குடியிருக்க வாடகை, விறகு, விளக்கு உள்ளிட்ட செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அரசும் முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து ஏற்றுக்கொண்டவை இவை. ஆனால் மத்திய ஊழியர்களின் ஊதியக்குழு இதை அளவுகோலாக எடுக்கலாமா என்று கேட்டபோது, மாநாட்டின் பரிந்துரை அரசின் முடிவாகாது என்று நிதியமைச்சகம் கைவிரித்தது. நாட்டுக்கே நூல் நூற்ற ஊரின் தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பதினெட்டு கெஜம் துணி உரிமையா, விருப்பமா என்ற கேள்வி அன்று தீராமலே நின்றது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தக் கைவிரிப்பும் ஒரு காரணம்.

அதே மக்களவையில்தான் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்ட விவகாரம் ஒரு சாதாரணக் கேள்வியாகக் கிளம்பி, பெரோஸ் காந்தியின் பேச்சால் வெடித்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பதவியைப் பறித்தது. அவையில் கேட்கும் கேள்விக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதை உறுப்பினர்கள் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள்.

1962இல் தொகுதி காங்கிரசின் பி.ஆர். ராமகிருஷ்ணனிடம் போனது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணி வந்தார். 1971இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் கே. பாலதண்டாயுதம் வென்றார். 1973 மே 31 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அதே விமானத்தில் மோகன் குமாரமங்கலமும் இறந்தார். சகோதரனைப் பறித்த விபத்து காலியாக்கிய தொகுதிக்கு, 1974 பிப்ரவரி இடைத்தேர்தலில் பார்வதி கிருஷ்ணனே மீண்டும் நின்று வென்றார்.

போனஸ் சண்டை

அவர் திரும்பி வந்த ஆண்டில் விலைவாசி கொதித்துக்கொண்டிருந்தது. கூலி உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கட்டாய வைப்பாகப் பிடித்துவைக்கும் சட்டம் 1974இல் வந்தது. நலிந்த 103 பஞ்சாலைகளை நாட்டுடைமையாக்கிய சட்டமும் அதே ஆண்டுதான். மூடிக் கிடந்த மில்லை அரசே எடுத்து நடத்தும் என்ற செய்தி, கோவைக்கு அன்று பெரிய ஆறுதல்.

1975 செப்டம்பர் 25இல் நெருக்கடிநிலை நடுவே ஓர் அவசரச் சட்டம் குறைந்தபட்ச போனசை 8.33 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்தது. தீபாவளிக்குச் சில வாரமே இருந்தது. இந்த விழுக்காட்டை வீட்டுக் கணக்காகப் பார்க்கலாம். மாதம் 300 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு ஆண்டுக் கூலி 3,600. அதில் 8.33 விழுக்காடு என்றால் 300 ரூபாய், அதாவது பதின்மூன்றாவது மாதச் சம்பளம். பிள்ளைகளுக்குத் துணி, பலகாரத்துக்கு எண்ணெய், மளிகைக் கடைப் பழைய பாக்கி எல்லாம் அதற்குள் அடங்கும். 4 விழுக்காடு என்றால் 144 ரூபாய். துணி எடுத்தால் பாக்கி நிற்கும், பாக்கியைத் தீர்த்தால் துணி இல்லை.

அப்போது நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். பொதுவுடைமைக் கட்சியின் வரிசையில் கோவையின் பார்வதி கிருஷ்ணன். ஒரே மண்ணின் இரண்டு தரப்பு ஒரே அவையில் எதிரெதிரே இருந்தது. பார்வதி கிருஷ்ணனின் கட்சி போனஸ் வெட்டை எதிர்த்தது. ஆனால் நெருக்கடிநிலையை ஆதரித்தது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்: கூட்டம் போடும் உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் முடங்கிய காலத்தில், அதை முடக்கிய அரசை ஆதரித்துக்கொண்டே போனசுக்காக வாதாடியது வலுவில்லாத வாதம். பட்டிண்டாவில் 1978இல் கூடிய கட்சி மாநாடு அந்த ஆதரவு தவறு என்று ஒப்புக்கொண்டது. 8.33 விழுக்காட்டை மீட்டுத் தந்தது 1977இல் வந்த ஜனதா அரசு. அந்த அரசுக்கு எதிர்வரிசையில், மூன்றாம் முறையாகக் கோவையிலிருந்து வென்று பார்வதி கிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். 1978இல் ஜனதா அரசு கொண்டுவந்த தொழில் உறவு மசோதாவைச் சங்கங்கள் கட்சி பேதமின்றி எதிர்த்தன. அது சட்டமாகாமலே காலாவதியானது.

1980க்குப் பிறகு இருபத்துநான்கு ஆண்டு தி.மு.க., காங்கிரஸ், பா.ஜ.க. என்று தொகுதி கைமாறியது.

குலுக்கலில் எல்லாரும் சமம்

2004இல் பொதுவுடைமைக் கட்சியின் கே. சுப்பராயன் வென்றார். 2009இலும் 2019இலும் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன் வென்றார். 2019இல் நாடு முழுவதும் இந்த இரு கட்சிகளுக்கும் கிடைத்தது ஐந்து இடம். அதில் நான்கு தமிழ்நாட்டில். அந்த நான்கில் இரண்டு கோவையும், சுப்பராயன் வென்ற திருப்பூரும்.

இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு அவையில் பேசக் கிடைப்பது சில நிமிடம். விவாத நேரம் கட்சிப் பலத்துக்கு ஏற்பத்தான் பிரியும். ஆனால் கேள்விக்கு அந்த விதி இல்லை. பதினைந்து நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதும். எது எடுத்துக்கொள்ளப்படும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். முந்நூறு பேர் உள்ள கட்சிக்காரரும் மூன்று பேர் உள்ள கட்சிக்காரரும் அந்தக் குலுக்கலில் சமம். நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி இருபது. இவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்லி, துணைக் கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டும். நட்சத்திரமில்லாதவை 230, எழுத்தில் பதில் வரும். கொங்கு நாட்டின் எதிர்வரிசை உறுப்பினர்களுக்கு இந்த எழுத்துப் பதிலே முக்கியமான ஆயுதம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மேடைப் பேச்சை அரசு மறுக்கலாம், தானே எழுதி அவையின் மேசையில் வைத்த கணக்கை மறுக்க முடியாது.

இரண்டு பதில்களைச் சொன்னால் விளங்கும். 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி வாய்மொழிக் கேள்வி நேரம் ரத்தானது. எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. செப்டம்பர் 14 அன்று வந்த பதிலில், ஊரடங்கில் ஏறத்தாழ 1.04 கோடி வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினர் என்ற கணக்கு இருந்தது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு, அப்படிப்பட்ட புள்ளிவிவரம் வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலிருந்தும் கோவைப் பவுண்டரிகளிலிருந்தும் மூட்டையோடு ரயிலுக்கு நின்றவர்களைப் பார்த்த ஊருக்கு அந்த ஒரு வரி போதும். அடுத்தது 2022 ஜூலை 27. எட்டு ஆண்டில் மத்திய அரசு வேலைக்கு வந்த விண்ணப்பம் 22.05 கோடி, வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம் என்று அரசே எழுதிக் கொடுத்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் தெலங்கானாவின் ரேவந்த் ரெட்டி. முந்நூறு பேருக்கு ஒரு வேலை என்ற கணக்கு அதன்பின் எல்லா ஊர் மேடையிலும் ஏறியது.

கோவையின் சொந்தக் கேள்விகள் இன்னும் நுணுக்கமானவை. கல் வைத்த கிரைண்டருக்கு 2017இல் 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. படிப்படியாக 5 விழுக்காட்டுக்கு இறங்கி, 2022 ஜூலை 18இல் ஒரே தாவலில் 18 ஆனது. தண்ணீர் பம்புக்கு 12 அதே நாளில் 18 ஆனது. பட்டறைக்காரர் வரியை முன்கூட்டியே கட்டிவிட்டுப் பெரிய கம்பெனியின் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜாப் ஒர்க் பட்டறை படுத்தால், அதில் நின்ற நான்கு பேரின் வேலை எந்த ஆட்குறைப்புக் கணக்கிலும் வராது. 2024 செப்டம்பரில் கோவைக் கூட்டமொன்றில் உணவகத் தொழில் செய்யும் ஒருவர், பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடா என்று நிதியமைச்சரிடமே கேட்டார். நாடே பேசிய கேள்வி அது. கோவையின் கணக்குப்பிள்ளைகள் அதை ஏழு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள்

1974இல் நாட்டுடைமையான மில்களை ஏற்று நடத்திய தேசியப் பஞ்சாலைக் கழகம், 2020 மார்ச் ஊரடங்கில் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த 23 மில்களையும் நிறுத்தியது. தமிழ்நாட்டில் ஏழு, அவற்றில் ஐந்து கோவையில். கம்போடியா மில், பங்கஜா மில், முருகன் மில், ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய முதல் மில், நான்கு தியாகிகள் வேலை செய்த ரங்கவிலாஸ். ஊரடங்கு முடிந்து தனியார் மில்கள் ஓடத் தொடங்கிய பிறகும் இவை திறக்கவில்லை. தொழிலாளர்களுக்குப் பாதிச் சம்பளம். சங்கங்கள் கூட்டாகப் போராடின. நடராஜனும் சுப்பராயனும் அவையிலும் அமைச்சர்களிடமும் மில்லைத் திறக்கக் கேட்டார்கள். அந்த மக்களவை 2024இல் கலையும்வரை மில்கள் முழுமையாக இயங்கத் தொடங்கவில்லை. நாட்டுடைமை என்ற சொல்லை நம்பிய ஊருக்கு இழைக்கப்பட்ட அநீதி இது.

கேள்வி நேரம் ரத்தான அதே 2020 செப்டம்பரில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் மக்களவையில் நிறைவேறின. 2019இன் ஊதியச் சட்டத்தொகுப்போடு சேர்த்து நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. 1957 மாநாட்டின் பதினெட்டு கெஜத்தை இன்றைய குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி மிச்சமிருக்கிறது.

பார்வதி கிருஷ்ணன் 2014 பிப்ரவரி 20இல் கோவையில் காலமானார். அவரும், அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் கேட்டவை அவைக் குறிப்புகளில் இருக்கின்றன. நாடாளுமன்ற மின்னூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் அவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடக்கின்றன. கோவையின் சங்கங்களும் கல்லூரி ஆய்வு மாணவர்களும் அவற்றைத் தமிழாக்கித் தொகுக்க வேண்டும். தன் கூலிக்காக டெல்லியில் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதை மில்லில் நின்றவர் தன் மொழியில் படிக்கட்டும்.