பங்கருக்குள் கிற்றார்: சூரிச்சின் இரைச்சலிசையும் எமது கலக்கமும்

"பிள்ளை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு திரியுது. கறுத்த ரீசேட், அதில எலும்புக்கூடு. முழுக்கச் சுவிஸ்காரனாய்ப் போட்டான்." எம்மவர் கூடும் பிறந்தநாள் விழாக்களிலும் செத்தவீடுகளிலும் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. இதன் பின்னாலுள்ள துயரத்தைக் கேலி செய்வது எனது நோக்கமன்று. ஆனால் இதிலுள்ள ஒரு சொல் வரலாற்றோடு ஒட்டவில்லை. சுவிஸ்காரன் என்ற சொல்லைத்தான் குறிப்பிடுகிறேன். பங்க், மெற்றல் என்ற இந்த இசைவகைகளை இந்நாடு மடியில் வைத்துத் தாலாட்டி வளர்த்ததில்லை. அது வளர்ந்த காலத்தில் பொலிஸ் தண்ணீர் பாய்ச்சியது, றப்பர் குண்டு சுட்டது, இளைஞர் நிலையத்தை இடித்துத் தள்ளியது. எமது பிள்ளை எந்தச் சுவிஸ்காரனாக மாறிவிட்டான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமாயின், நாம் இங்கு வந்து இறங்கத் தொடங்கிய அதே ஆண்டுகளின் சூரிச்சுக்குப் போகவேண்டும்.

1980ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி சூரிச்சின் ஒப்பேரா மாளிகை முன்னால் சில நூறு இளைஞர்கள் கூடினார்கள். அம்மாளிகையைப் புதுப்பிக்க நகரம் சுமார் 6 கோடி பிராங் ஒதுக்கத் திட்டமிட்டிருந்தது. தாங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த இளைஞர் நிலையத்துக்கோ இடமுமில்லை, காசுமில்லை என்பது அவர்களது முறைப்பாடு. பொலிஸ் தலையிட்டது. அன்றிரவு ஹலன்ஸ்ராடியோனில் பொப் மார்லியின் நிகழ்ச்சி. அது முடிந்து வந்தவர்களும் தெருவில் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு நாட்கள் நகரம் கொதித்தது. வங்கிகளின் நகரமென்றும் கடிகாரத்தின் ஒழுங்கென்றும் நாம் அறிந்திருந்த சூரிச் அதன் பின்னர் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அமைதியாக இருக்கவில்லை. ஜூன் மாதம் லிம்மற் தெருவில் இளைஞர்களின் சுயாதீன நிலையம் திறக்கப்பட்டது. செப்ரெம்பரில் பொலிஸ் மூடியது. 1981 ஏப்ரலில் மறுபடி திறந்தது. 1982 மார்ச்சில் கட்டிடமே தரைமட்டமாக்கப்பட்டது. எஞ்சியது ஏரிக்கரையில் செங்கல்லால் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையான றோட்ட பப்றிக். இன்று நகரத்தின் மானியத்தோடு நடக்கும் மதிப்புள்ள கலை நிலையம் அது. அதன் பிறப்பில் கண்ணீர்ப்புகை கலந்திருக்கிறது.

அந்நாட்களைப் பற்றி 1981இல் வெளிவந்த விவரணப் படத்தின் பெயர் 'சூரி பிரென்ற்', அதாவது சூரிச் எரிகிறது. அப்பெயர் உள்ளூர் பங்க் குழுவொன்றின் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கலகம் பாட்டைப் பிறப்பிக்கவில்லை. பாட்டு ஒரு வருடம் முந்தியே வந்துவிட்டது!

அதற்கும் முன்னர், 1978இல், சூரிச்சில் சில பெண்கள் சேர்ந்து கிளீனெக்ஸ் என்றொரு குழுவை அமைத்திருந்தார்கள். வாத்தியப் பயிற்சி அவர்களிடம் அநேகமாக இல்லை. கையிலிருந்த பாட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதல் மேடையில் அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தார்களாம். கிற்றார் வாசித்த மார்லேன் மார்டர், பேஸ் வாசித்த கிளவுடியா ஷிவ் ஆகியோரின் பெயர்களை இன்று உலகின் பங்க் வரலாறுகளில் காணலாம். லண்டனின் றவ் ரிறேட் நிறுவனம் அவர்களது இசைத்தட்டை வெளியிட்டது. கைக்குட்டைக் கடதாசி விற்கும் பெருங்கம்பனி வழக்குப் போடுவதாக மிரட்ட, 1979இல் பெயரை லிலிபுட் என மாற்றிக்கொண்டு 1983 வரை இயங்கினார்கள். அமெரிக்காவில் நேர்வானா குழுவின் கேர்ட் கோபேன் தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளென எழுதிவைத்த பட்டியலில் கிளீனெக்ஸும் இருந்தது.

எமக்கு இதில் கவனிக்கத்தக்க விடயம் ஒன்றுண்டு. எமது பெண்பிள்ளைகளுக்கு நாம் திறந்துவிட்டிருக்கும் மேடை ஒன்றே ஒன்று: பரதநாட்டிய அரங்கேற்றம். பத்து வருடப் பயிற்சி, இந்தியாவிலிருந்து வரும் பக்கவாத்தியம், மண்டபம், மலர் வெளியீடு, அப்பாவின் இரண்டு வேலைச் சம்பளம். பிழைவிட உரிமையில்லாத மேடை அது. கிளீனெக்ஸ் பெண்கள் மேடையேறியதே பிழைவிடும் உரிமையோடுதான். இரண்டில் எது உயர்ந்த கலை என்ற விவாதம் எனக்குத் தேவையில்லை. பதினைந்து வயதுப் பெண்ணொருத்திக்கு இரண்டாவது வகை மேடையும் வேண்டியிருக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பங்க் நகரத்தின் பிள்ளை. மெற்றல் இங்கு கிராமத்திலிருந்து வந்தது. சொலொதூர்னின் குறோக்குஸ் குழு 1970களிலிருந்தே பெரிய மேடைகளில் வாசித்து அமெரிக்காவிலும் பேர்பெற்றிருந்தது, அதை விட்டுவிடுவோம். நான் பேச விரும்புவது சூரிச் விமான நிலையத்துக்கு அண்மையிலுள்ள நூரென்ஸ்டோர்வ் என்ற சிற்றூரின் பையன்களைப் பற்றி. அவர்களில் முதன்மையானவர் 1963இல் பிறந்த தொம் கப்றியேல் பிஷர். குடும்பம் உடைந்த, ஊராரால் ஒதுக்கப்பட்ட பிள்ளைப்பருவம் அவருடையது; பிற்காலத்தில் தானே அதை எழுதியிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் ஹெல்ஹாமர் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். வாசிக்கத் தெரியாது, உபகரணம் மட்டம், ஊரில் கேட்பாருமில்லை. 1984இல் முதல் இசைத்தட்டு வந்தபோது மெற்றல் சஞ்சிகைகளே அதைக் கிழித்துப் போட்டன. அவ்வாண்டே அக்குழுவைக் கலைத்துவிட்டு, பிஷரும் மார்ட்டின் எறிக் ஐனும் கெல்ரிக் புறொஸ்ற் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். கூர் நகரத்தில் பிறந்து, 'ஏலியன்' திரைப்படத்துக்காக 1980இல் ஒஸ்கார் பரிசு பெற்ற ஓவியர் ஹெச்.ஆர். கீகருக்கு அந்தப் பையன்கள் கடிதம் எழுதினார்கள். கீகர் பதில் அனுப்பியதோடு தனது ஓவியத்தைப் பயன்படுத்தவும் அனுமதித்தார். 1985இல் வெளிவந்த 'ரு மெகா தேறியொன்' இசைத்தட்டின் அட்டையில் அது இருக்கிறது. பின்னாளில் நோர்வேயில் எழுந்த கறுப்பு மெற்றல் இவர்களைத் தம் முன்னோராகக் கொண்டாடியது. சஞ்சிகைகள் குப்பையென்று எறிந்த அந்த முதல் தட்டு இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம்.

இவர்கள் ஒத்திகை பார்த்த இடம் எது தெரியுமா? பிர்க்வில் என்ற பக்கத்துக் குக்கிராமத்திலிருந்த ஒரு பங்கர்.

இச்சொல்லில் சற்றுத் தரித்து நிற்க வேண்டியிருக்கிறது. 1963இன் சட்டமொன்று இந்நாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் அணுயுத்தத்திலிருந்து தப்ப நிலத்தடியில் ஓரிடம் வேண்டுமென வகுத்தது. வீடு கட்டுபவர் பங்கரும் கட்டவேண்டும், அல்லது காசு கட்டவேண்டும். 3 இலட்சத்துக்கும் அதிகமான பாதுகாப்பு அறைகள் இவ்வாறு எழுந்தன. லூசேர்னில் நெடுஞ்சாலைச் சுரங்கமொன்றையே 20,000 பேர் தங்கும் பங்கராக 1976இல் கட்டிமுடித்தார்கள். கனத்த கொங்கிறீற் கதவு, காற்று வடிகட்டி, அடுக்குக் கட்டில், யன்னல் கிடையாது. யுத்தம் வரவில்லை. வந்தவை வைன் போத்தல்கள், உருளைக்கிழங்குச் சாக்குகள், பழைய சைக்கிள்கள். அவற்றுக்குப் பின்னால் டிறம்ஸும் அம்பிளிபயரும். அயலவருக்குச் சத்தம் கேளாத இடம் ஒழுங்கான இந்நாட்டில் அது ஒன்றுதான். சுவிஸ் மெற்றலின் அந்த இருண்ட, ஈரலிப்பான ஓசையில் கொங்கிறீற் சுவரின் பங்கு எவ்வளவென்று யாராவது ஆராயலாம்.

இதே பங்கர்களுக்குள் பின்னர் இன்னொரு கூட்டத்தையும் இறக்கினார்கள்: அகதிகளை. முகாம்கள் நிரம்பி வழிந்தபோதெல்லாம் பல கன்ரோன்களில் சிவில் பாதுகாப்பு நிலவறைகளே தங்குமிடமாயின. பகலிலும் ரியூப்லைற். மேல்கட்டிலில் ஒருவர் புரண்டால் கீழ்க்கட்டிலில் இருப்பவருக்கு நித்திரை போகும். இதை வாசிப்பவர்களில் சிலருக்கு அந்த வடிகட்டிய காற்றின் மணம் இன்னும் மூக்கில் இருக்கும்.

மூன்றாவது பங்கர் ஒன்றுமுண்டு. ஊரில் வளவுக்குள் கிடங்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியது. 1987இலும் 1990க்குப் பின்னரும் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழி என்று எழுதினோம். வாயால் சொன்னது பங்கர் என்றே.

வராத யுத்தத்துக்காகக் கட்டிய பங்கருக்குள் இருந்து இந்நாட்டின் பிள்ளைகள் யுத்தத்தின் சத்தத்தை உண்டாக்கினார்கள். உண்மையான யுத்தத்தின் சத்தத்திலிருந்து ஓடிவந்தவர்களை அதே பங்கருக்குள் படுக்க வைத்தார்கள். பக்கத்து அறையிலிருந்து மகன் வாசிக்கும் மெற்றல் கேட்டுத் தகப்பன் திடுக்குற்று எழும்புவானாயின், அது பண்பாட்டுப் பிரச்சினையென்று மாத்திரம் சொல்லித் தப்பிவிட முடியாது. அவன் காது வேறொன்றை நினைவு வைத்திருக்கிறது. இதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. "உந்தச் சனியனை நிப்பாட்டு" என்பதோடு உரையாடல் முடிந்துவிடுகிறது.

அதேபோல், மெற்றல் அட்டைகளின் மண்டையோடும் பிணக்குவியலும் எனக்கு உவப்பானவையல்ல. பிணத்தைக் காணாதவர்களின் பிணக்கனவு அது என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் பிசாசு வழிபாடு என்று கோயில் வாசலில் பயமுறுத்துவோர், எங்கள் காளி கழுத்தில் தொங்குவது மல்லிகை மாலையா என்று ஒருதரம் நிமிர்ந்து பார்க்கட்டும்.

வாசிக்கப் பழகுவது பற்றியும் சில வார்த்தைகள். பங்கிலும் மெற்றலிலும் அடிப்படையாக உள்ள பவர் கோட் என்பது நாம் அறியாத அந்நியப் பொருளல்ல. சட்ஜமும் பஞ்சமமும், விரும்பினால் மேல் சட்ஜமும். தம்புராவில் காலமெல்லாம் மீட்டப்படும் அதே சுரங்கள்தான். அம்பிளிபயரில் ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும்போது காந்தாரம் சேர்ந்த கோட் கலங்கிக் குழம்பாகிவிடும். ச-ப மட்டும் உறுதியாக நிற்கும். எனவேதான் இரண்டு விரல் அசையாமல் கழுத்தில் மேலும் கீழும் வழுக்கினாலே பாட்டு உண்டாகிறது. ஆறு கம்பிக்கு ஆறு கோடு, கோட்டின்மேல் எந்தக் கட்டை என்று ஓர் இலக்கம்: இந்த எழுத்துமுறையை ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். குருவுமில்லை, தட்சணையுமில்லை. மெற்றலின் பயங்கரச் சாயலுக்குக் காரணமான இடைவெளிகள் இரண்டு: சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம், சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம். முதலாவதைச் சரளி வரிசையின் முதல் நாளே மாயாமாளவகௌளையில் பிள்ளை பாடிவிட்டது. இரண்டாவது எமது 72 மேளகர்த்தாக்களில் 36இல் இருக்கிறது. சங்கீத ரீச்சரிடம் மூன்று வருடம் போன பிள்ளை கிற்றாரைத் தொடும்போது வெறுங்கையோடு போகவில்லை.

மெற்றலின் தகப்பன் எனப்படும் ரொனி ஐயோமி, பேர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி. 17 வயதில், 1965இல், இயந்திரத்தில் இரு விரல்களின் நுனியை இழந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். மெல்லிய கம்பி போட்டார். பிற்காலத்தில் சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத் குழுவின் அந்தக் கனத்த ஓசையில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. றெஸ்ரோறன்ற் அடுப்படியில் விரல் வெட்டுப்பட்ட எம்மவர் இதைக் கேட்டால் அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் வேறுவிதமாகக் கேட்கக்கூடும்.

கிற்றார் தமிழனுக்குப் புதிதுமல்ல. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்பன இலங்கை முழுவதும் ஒலித்தன. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலா தாளத்தின்மேல் கிற்றாரோடு எழுந்த பொப்பிசை அது. வித்துவான்கள் அதைச் சங்கீதமாகக் கணிக்கவில்லை, சனங்கள் பாடினார்கள். அப்போது அதற்கு ஆடியவர்களே இப்போது புலம்புகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வயலினும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரரிடமிருந்து பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றோர் எடுத்துக்கொண்டதே.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். 1980களின் நடுப்பகுதியில் இங்குள்ள சில பத்திரிகைகள் எமது இளைஞர்களுக்கு வைத்த பட்டம் 'லெதர் ஜாக்கற் தமிழர்'. கறுத்த தோல் ஜாக்கற் போட்டுப் புகையிரத நிலையத்தில் நின்றால் போதைப்பொருள் விற்பவன் என்று பொருள். அதே ஜாக்கற், அதே புகையிரத நிலையம், அதே சந்தேகம் சூரிச் பங்குகளுக்கும் இருந்தது. இரு கூட்டமும் ஒருவரையொருவர் கண்டு விலகியே நின்றன. அன்று எம்மைத் துரத்திய பார்வையால் இன்று எமது பிள்ளைகளின் கறுத்த உடையை நாமே பார்க்கிறோம்.

பிள்ளைகள் வேறு வழியிலும் போவார்கள். யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து 1986இல் லண்டனுக்கு அகதியாகத் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது கிளாஷ் என்ற பங்க் குழு 1982இல் குடியேறிகளைப் பற்றிச் செய்த பாட்டின் இசைத்துண்டு. இங்கு சென்கேலனில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிரியா ரகு 2021இல் தனது முதல் இசைத்தொகுப்பின் பெயரிலேயே தமிழ் என்ற சொல்லை வைத்தார்; அவருடையது பங்குமல்ல, மெற்றலுமல்ல. யாரிடமும் இவர்கள் அனுமதி கேட்கவில்லை.

2012 செப்ரெம்பர் 23ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் இந்நாட்டு மக்களில் 70 வீதத்துக்கும் அதிகமானோர் இளையோரின் இசைக்கல்வியை அரசியலமைப்பில் சேர்க்க ஆதரவளித்தார்கள். ஒரு காலத்தில் இடித்த கை இப்போது பாடம் சொல்லிக் கொடுக்கிறது. எமது தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாக்களில் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் நேரமுண்டு. கிற்றார் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் ஓரமாக நிற்கலாம். அடுத்த விழாவில் இந்தக் கறுத்த ரீசேட் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பதா இல்லையா என்று விழாக்குழுக்கள் பேசட்டும். இப்பக்கங்களிலும் யாராவது மறுத்து எழுதட்டும். ஒலி 93 டெசிபலைத் தாண்டும் நிகழ்ச்சியானால் சபையோருக்குக் காதடைப்பான் இலவசமாகக் கொடுக்கவேண்டுமென்று இந்நாட்டில் சட்டமிருக்கிறது. அச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.