புகாரின் ஊன் விருந்தும் நம் வீட்டு ஆணமும்

இறைச்சி உணவைத் தமிழ் மண்ணுக்கு முஸ்லிம்கள் கொண்டுவந்த பழக்கமாகக் காட்டும் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். நம்மவரிலும் சிலர் நம் அடுக்களையின் பெருமையை முகலாய அரண்மனைகளில் தேடுகின்றனர். இரு சாராரும் காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வூரைப் பாடும் பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. கடல்வழி வந்த குதிரைகளையும் நிலவழி வந்த மிளகு மூடைகளையும் கூறும் அதே நூல், மீனையும் இறைச்சியையும் அரிந்து பொரிக்கும் ஓசை எழுந்த முற்றங்களையும் காட்டுகிறது. அந்நூலின் தலைவனான கரிகாலன் அளித்த விருந்தை அறிய, முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படைக்குச் செல்ல வேண்டும். 1889இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் இவ்விரு நூல்களும் அடங்கும்.

விருந்தில் பொருநனுக்கு இருவகை ஊன் படைக்கப்படுகிறது. அறுகம்புல் தின்ற செம்மறியின் பருத்த தொடையை வேகவைத்தது ஒன்று. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுந்துண்டங்கள் மற்றொன்று. சூடு பொறுக்காமல் அவன் அவற்றை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்கிறான். இரவு பகலாகத் தின்றதில், கொல்லையை உழுத கொழுவைப்போல் பற்கள் மழுங்கினவாம்! உழவர் நாட்டுப் புலவருக்கு வேறு எந்த உவமை தோன்றும்?

தொடையை வேகவைத்ததும் கொழுப்பைச் சுட்டதும் தற்செயல் என்று நாம் கருதவில்லை. ஓடித் திரியும் விலங்கின் தொடையில் இணைப்புத் திசு மிகுதி. நீரில் நெடுநேரம் மெல்ல வேகும்போது அதிலுள்ள கொலாஜன் கரைந்து பசையாகிறது, தசைநார் நெகிழ்கிறது. அதையே தணலில் வாட்டினால் மெல்ல முடியாது. கொழுப்புள்ள துண்டமோ, உருகும் நெய்யில் தானே நனைந்து பதமாகும். எலும்போடு கூடிய கால்கறியை ஆணத்துக்கு ஒதுக்கி, ஈரலையும் இளங்கறியையும் வறுவலுக்கு எடுத்துவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் இதை எந்த நூலிலும் கற்றவர்கள் அல்லர்.

சங்கநூல்கள் கூறும் ஊன்சோறே பிரியாணியின் தாய் என்று மேடைகளில் முழங்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை. பிரியாணி என்னும் பெயர் பாரசீக வழிவந்தது. மிளகாயோ, போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னரே நம் அம்மியை அடைந்தது. புகாரின் காரம் மிளகுக் காரமே. ஆனால் சோறும் ஊனும் சேர்ந்த உணவு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதை மறுக்க இடமில்லை.

இஸ்லாம் இங்கே சேர்த்தது என்ன? அறுக்கும் முறையும் பகிரும் முறையும் என்போம். கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இரக்கமே இதன் நோக்கம்; எனினும் சமையலுக்கும் இதில் பயன் உண்டு. நெடுநேரம் அஞ்சிக் களைத்த விலங்கின் தசையில் கிளைக்கோஜன் தீர்ந்துவிடுவதால், அறுத்தபின் உரிய அமிலம் உண்டாவதில்லை. அத்தகைய கறி கறுத்து, விரைவில் கெடும். ஆட்டை அதட்டி இழுத்து வருவோர் இதை அறிவது நல்லது.

பகிர்வுக்கு ஆணமே சான்று. நாகூர் முதல் காயல்பட்டினம் வரை நாம் குழம்பை இத்தமிழ்ச் சொல்லாலேயே அழைக்கிறோம். கறி சமைக்கும்போது நீரைக் கூட்டி ஊற்றி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுறுத்தியதும் அதே தொகுப்பில் உள்ளது. கூடுதலாக ஊற்றிய நீர் கொதித்து அடங்கும்வரை சட்டி அடுப்பிலேயே இருக்கும். முற்றிய கால்கறி வேகத் தேவைப்படுவதும் அந்த நேரந்தான்.