துவக்குக் குழலும் கொல்லனின் பெயரும்

துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களும் துருக்கி மொழியின் 'தூபெக்' என்ற சொல்லின் வழிவந்தவை. தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் பேச்சில் துவக்கு என்றே இன்றும் சொல்கிறோம். சொல்லின் பயணத்தை ஆராய்ந்தோர் பலர். அப்பொருளைச் செய்த கொல்லர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

1526ஆம் ஆண்டின் பானிப்பட்டுப் போரைக் கற்பிக்கும்போது, பாபரின் வெற்றிக்குத் துவக்கும் பீரங்கியும் துணைநின்றன என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அத்துவக்கைக் கன்னத்தோரம் வைத்துச் சுட்டவனின் கதி என்னவென்று பாடநூல் கேட்பதில்லை. குழல் வெடித்தால் முதலில் போவது அவனுடைய கையும் கண்ணுமே. ஆகவே துவக்கின் வரலாறு ஒரு வகையில் குழற்சுவரின் வரலாறுமாகும்.

இதற்குக் கிடைக்கும் நல்லதொரு சான்று, அபுல் பஸ்ல் பாரசீகத்தில் எழுதிய 'ஆயினே அக்பரி'. அக்பரின் ஆட்சி முறைமையை விரிவாகச் சொல்லும் அந்நூலில் துவக்குச் செய்தல் பற்றியும் ஒரு பகுதி உண்டு. முன்னைய கொல்லர்கள் இரும்பைத் தட்டையாக அடித்து வளைத்து, அதன் இரு ஓரங்களையும் ஒட்டிக் குழலாக்கினர். இதனால் விபத்துகள் பல நேர்ந்தன. அக்பரின் பட்டறையிலோ தகட்டைக் கடதாசிச் சுருள் போலச் சாய்வாகச் சுற்றினர். மடிப்பின் ஓரங்கள் முட்டி நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைத்து, நெருப்பில் மெல்ல மெல்லக் காய்ச்சி இணைத்தனர். முன்பு குழலின் காற்பங்குக்கு மேல் மருந்து இட முடியாதிருந்தது; இப்போது வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிப்பதில்லை என்கிறார் அபுல் பஸ்ல்.

அரசவை எழுத்தாளரின் கூற்றாதலால் இதில் புகழ்ச்சி கலந்திருக்கலாம். இம்முறையைக் கண்டுபிடித்தவர் அக்பரே என்று அவர் எழுதுவதையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எனினும் பழைய குழலின் பலவீனம் பொருத்தில்தான் இருந்தது என்பதை அவர் சரியாகவே சொல்லிவிடுகிறார். நெடுக ஓடும் ஒற்றைப் பொருத்து, மருந்தின் அழுத்தத்தை நேரே தாங்க வேண்டியிருந்தது. சுற்றிப் படிந்த மடிப்புகளில் அச்சுமை பகிரப்பட்டது.

சுவரைத் தடிப்பாக்கினாற் போதாதா என்று கேட்கத் தோன்றும். 1830களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே இதற்கு விடை தந்தார். அழுத்தம் தாங்கும் குழலில் உட்புறமே அதிகம் இழுபடுகிறது. வெளிப்புறம் குறைவாகவே சுமக்கிறது. எனவே சுவரை இருமடங்காக்கினால் வலிமை இருமடங்காவதில்லை. குறித்த ஓர் அழுத்தத்துக்கு மேல், அதே உலோகத்தை எவ்வளவு தடிப்பாக வார்த்தாலும் பயனில்லை.

இந்த உண்மையை அமெரிக்கர் இரத்தத்தில் படித்தனர். 1844 பெப்ரவரி 28ஆம் திகதி பொட்டோமக் நதியில் 'பிரின்ஸ்டன்' என்ற போர்க்கப்பலில் ஒரு வேடிக்கை விழா நடந்தது. அக்கப்பலில் இரண்டு பெரிய பீரங்கிகள் இருந்தன. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒன்றில் வெடிப்புக் கண்டதால் அதற்கு இரும்பு வளையங்கள் பூட்டியிருந்தனர். மற்றையது அமெரிக்காவில் செய்யப்பட்டது, அடிப்பகுதி இன்னும் தடிப்பானது, வளையம் இல்லாதது. அதற்கு 'சமாதானம் செய்பவன்' என்று பெயரிட்டிருந்தனர். அன்று வெடித்தது தடித்த பீரங்கியே. இராஜாங்கச் செயலாளர் அப்ஷர், கடற்படைச் செயலாளர் கில்மர் உட்பட ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் ஜனாதிபதி டைலரின் அடிமைப் பணியாளரான ஆர்மிஸ்டெட். தடிப்பை நம்பியவர்கள், இரும்பின் தரத்தையும் இணைப்பையும் போதியளவு சோதிக்கவில்லை.

அவ்வாறாயின் குழலை நம்புவது எப்படி? லண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரிடம் பட்டயம் பெற்று, குழல்களைப் பரீட்சித்து முத்திரையிடத் தொடங்கியது. வழமையிலும் கூடிய மருந்திட்டு, ஆள் விலகி நின்று சுடுவார்கள். தாங்கிய குழலுக்கு முத்திரை. தாங்காதது பட்டறையிலேயே சிதறிப்போகும். 1813இல் பேர்மிங்ஹாமிலும் பரீட்சை நிலையம் அமைந்தது. பரீட்சிக்காத குழலை விற்பது சட்டப்படி குற்றமாயிற்று. எத்தனையோ கைகளும் கண்களும் போன பின்னர் வந்த சட்டம் அது.

அக்பரின் பட்டறையிலும் முத்திரை இருந்தது. குழலின் நிறை, இரும்பு வந்த இடம், செய்த இடம், திகதி, இலக்கம் ஆகியவற்றோடு செய்தவனின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டது. பெயர் பொறித்தவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. சிறந்த கைவினைஞர்களாக உஸ்தாத் கபீர், ஹுசைன் என்ற இருவரை அபுல் பஸ்ல் பெயர் சுட்டுகிறார். அவர்களைப் பற்றி அந்த ஒரு வரியோடு சரி. 1568இல் சித்தூர்க் கோட்டை முற்றுகையில் ஜய்மலை வீழ்த்திய 'சங்கிராம்' என்ற துவக்கை எல்லோரும் அறிவர். அது அரசனின் கையிற் சிதறாமல் இருந்ததற்கு யாரோ ஒரு கொல்லன் காரணம்.

எமது நாட்டிலும் காட்டோரக் கிராமங்களில் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் இரகசியமாகச் செய்யப்படுகின்றன. பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் மனிதர் காலிழந்த செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்பதை வெறும் அரச கெடுபிடி என்று பலர் எண்ணுகின்றனர். களவாகச் செய்த குழலில் பரீட்சையும் இல்லை, முத்திரையும் இல்லை, செய்தவன் பெயரும் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆக்ராவின் கொல்லனிடம் இருந்த பொறுப்புக்கூட அதில் இல்லை என்பதை எம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.