பாசி: பயற்றின் பெயரா, பச்சையின் பெயரா?

சென்னையை அடுத்த மணிமங்கலம் என்றதும் கோயில் மணியை நினைப்பவர்களை மன்னிக்கலாம். மணிக்கு ஓசைப் பொருளும் உண்டு, ஒளிப் பொருளும் உண்டு. மங்கலம் என முடியும் அந்தணர் ஊர்ப்பெயரோடு எந்த மணி சேர்ந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிடவில்லை. கண்ணாடி மணியாகவே இருந்தாலும், இன்று அந்த வட்டாரத்தில் கண்ணாடி என்றால் ஆலைக் கண்ணாடிதான். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடு தகடாக எடுத்துவருகிறது.

மன்னிக்க முடியாதது பாசிமணிக்குச் சொல்லப்படும் விளக்கம். நரிக்குறவர்கள் பேருந்து நிலையத்திலும் திருவிழாவிலும் விற்கும் அந்தக் கண்ணாடி மணி, பாசிப்பயறு போல உருண்டையாக, சிறிதாக இருப்பதால் அப்பெயர் பெற்றதாம். அப்படியானால் பயற்றுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? உருண்டைக்காக என்றால் மிளகுக்கும் கடுகுக்கும் அல்லவா அது முதலில் கிடைத்திருக்க வேண்டும்! பயறு பச்சையாக இருந்தது, பாசிப்பயறு ஆயிற்று. தோல் நீக்கி மஞ்சளாக நிற்கும்போதும் அது பாசிப்பருப்புதான். நிறம் போனது, பெயர் நின்றது. மணிக்கு நேர்ந்ததும் இதுவே.

பசுமை என்னும் அடியிலிருந்து பாசி பிறக்கும் வழி நன்னூல் படித்தவர்க்குப் புதிதன்று. பசுமையும் இலையும் புணர்ந்து பாசிலை ஆவதை, முதலெழுத்து நீளும் ஆதிநீடலுக்குக் காட்டாத ஆசிரியர் இல்லை. பாசடை, பாசிழை எல்லாம் அவ்வழி வந்தவை. குறுந்தொகை 399இல் பரணர், கேணியில் படரும் பாசியையும் தலைவியின் மேனியில் படரும் பசலையையும் அருகருகே வைத்தார். நீர்ப்பாசியும் பசலையும் ஒரே வேரின் கிளைகள் என்பதை அவர் செவி அறிந்திருந்தது. புறநானூறு 367இல் ஔவையார் பாடும் மகளிர் அணிந்த பாசிழையைப் பசும்பொன் அணி என்று கொள்வதே வழக்கம். பொன்னாக இருக்கலாம். ஆனால் பசுமை என்றாலே பொன்தான் என்று முடிவுகட்டியதில், பச்சை மணி கோத்த இழையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்பது கண்ணில் படாமல் போயிற்று.

தெலுங்கில் மணியைக் குறிக்கும் 'பூஸ' திரிந்து பாசி ஆயிற்று என்பாரும் உளர். ஊகாரம் ஆகாரமான வழியை அவர்கள் முதலில் காட்டட்டும்.

சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கோக்கப்படும் மணிக்குப் பச்சையால் பெயர் வருமா என்ற கேள்விதான் கொஞ்சம் வலுவானது. எள்ளின் நெய்தான் எண்ணெய்; இன்று தேங்காயிலிருந்தும் வேப்பங்கொட்டையிலிருந்தும் எண்ணெய் எடுக்கிறோம். முதலில் பெருகிய பொருள் தன் இனம் முழுவதற்கும் பெயர் கொடுப்பது தமிழின் இயல்பு. மணியை நிறத்தால் பெயரிடுவதற்கும் சான்று கையருகே உண்டு: தாலியில் கோக்கும் கருகமணி. கருமையால் அது கருகமணி என்றால், பசுமையால் இது பாசிமணி ஆவதில் என்ன தடை?

பச்சை முதலில் பெருகியது ஏன் என்பதற்குக் கொங்குநாட்டுக்குப் போகவேண்டும். காங்கேயத்துக்கு அருகேயுள்ள படியூரில் பெரில் என்னும் பசுநீலக் கல் கிடைத்தது. கொடுமணல் அகழாய்வில் பெரில் உள்ளிட்ட கற்களில் மணி செய்த பட்டறைகள் வெளிப்பட்டன. ரோமானியர் அந்தக் கல்லுக்கு ஏங்கினர். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றிப் போலி மணிகள் செய்வதையும், அதிலும் பெரிலைப் போலச் செய்வதையும் தம் நூலின் 37ஆம் பகுதியில் எழுதிவைத்தார். போலி என்று அவர் குறைப்பட்டது தமிழ்க் கம்மியருக்கு நற்சான்று. பச்சைக் கல்லுக்கு இவ்வளவு கிராக்கி இருந்த நாட்டில், கண்ணாடியில் மணி செய்தவன் முதலில் எந்த நிறத்தை நாடியிருப்பான்?

பெரில் என்ற பெயரே இங்கிருந்து போனதுதான். பிராகிருதத்தில் வேளுரிய, வடமொழியில் வைடூரியம், கிரேக்கத்தில் பெரில்லோஸ் என நடந்த அந்தச் சொல்லின் வேர் திராவிடம் என்பது அறிஞர் பலர் கருத்து. ஜெர்மனியில் அது 'பிரில்லெ' ஆகி, மூக்குக் கண்ணாடிக்குப் பெயராக நிற்கிறது.

கண்ணாடி என்ற சொல் பிறந்த பிறகே தமிழனுக்குக் கண்ணாடி மணி தெரியும் என்று வாதிடுவோர் கேரளத்து ஆறன்முளைக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே இன்றும் வார்க்கப்படும் ஆறன்முளைக் கண்ணாடியில் துளிக் கண்ணாடி இல்லை. அது முழுக்க உலோகம். ஆடி முகம் பார்க்கும் கருவியின் பெயர், கண்ணாடியும் அதுவே. உருக்கிய மணற்பொருளுக்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டியது. எனவே பழைய மணியின் பெயரைக் கண்ணாடி என்ற சொல்லில் தேடுவது வீண்.

பொருளின் வரலாறு சொல்லைவிடத் தெளிவாக இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் மணிகள் குவியலாகக் கிடைத்தன. பிறகு அவற்றை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், இழுத்துச் செய்யும் அந்தச் சிறு மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ என்று அவை செய்யப்பட்ட இடங்கள் கடல்வழி நெடுக நீளும். இரும்புக் குழாயொன்றின் மேல் உருகிய கண்ணாடியைக் கூம்பாகச் சேர்த்து, உலையின் வாயிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி இழுத்தால் நீண்ட துளைக்குழல் வரும். அதைத் துணித்து, துளை அடைபடாமல் சாம்பலிட்டு மறுபடி சூடேற்றினால் விளிம்பு மழுங்கி மணி உருளும்.

அரிக்கமேட்டு முறையின் நேர் வாரிசாகப் பிரான்சிஸ் கண்டது திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பாநாயுடுபேட்டையை. மணிமங்கலத்திலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம். உலைமுன் மணிக்கணக்கில் இழுக்கும் தலைமைக் கம்மியரின் கைத்திறன் நூல் படித்து வருவதன்று. எந்திர மணி மலிவாகக் குவிய, அந்தத் தொழிலுக்கு அடுத்த தலைமுறை வர மறுக்கிறது. நரிக்குறவர் கையில் கோர்ப்பு இருக்கிறது, உலை இல்லை. அவர்கள் வாங்கும் பாசியில் உத்தரப்பிரதேசச் சரக்கும் உண்டு. கடைத்தெருவில் அவர்களிடம் பேரம் பேசுபவர்கள், கம்பியை வளைத்து முடிச்சிட்டு ஒவ்வொரு மணியாகக் கோர்ப்பதற்கும் கூலி உண்டு என்பதை நினைப்பதில்லை.

வாங்குபவர் கொஞ்சம் பார்க்கப் பழகவேண்டும். இழுத்த மணியில் நுண்கோடுகளும் குமிழிகளும் துளைக்கு இணையாக ஓடும். கம்பியில் சுற்றிய மணியில் துளையைச் சுற்றிவரும். அச்சில் அழுத்தியதில் பக்கவாட்டில் ஒட்டுத்தழும்பு தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். பாப்பாநாயுடுபேட்டைப் பாசி என்று கேட்டு வாங்கும் நகைக்கடைகள் சென்னையில் பத்து இருந்தாலே அந்த உலைகளுக்கு வேலை வரும்.

பாசிமணிக்குப் பொருள் எழுதும் அகராதிகள் 'பலநிற மணி' என்று தொடங்குவதை மாற்றவேண்டும். பச்சை மணி என்பதே முதற்பொருள், பலநிறம் வழிப்பொருள். பாசிப்பயறும் நீர்ப்பாசியும் இருக்கும் பசுமை என்னும் தலைச்சொல்லின் கீழேயே அதுவும் சேரவேண்டும்.