எதிர்பாராத முடிவுச் சிறுகதை

எதிர்பாராத முடிவுச் சிறுகதை என்பது, அதுவரை சொன்னதையெல்லாம் வேறு கண்ணால் பார்க்கவைக்கும் செய்தி ஒன்றைக் கடைசிப் பத்தியிலோ கடைசி வரியிலோ வெளியிட்டு, அந்த இடத்திலேயே முடிந்துவிடும் கதை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் செய்தித்தாள்கள், இதழ்கள் வழியே இது உருப்பெற்றது. மாப்பசான் (1850–1893), ஓ. ஹென்றி (1862–1910), சாகி (1870–1916), ஆம்ப்ரோஸ் பியர்ஸ் ஆகியோர் இதில் முதன்மையானவர்கள். கடைசியில் திடுக்கிடும் சம்பவம் ஒன்று நடந்தால் மட்டும் ஒரு கதை இவ்வகையில் சேர்ந்துவிடாது. நல்லபடியாக நடந்துகொண்டிருந்தவர் தலையில் திடீரென்று இடி விழுந்தால் அது விபத்து. மறுமுறை படிக்கும்போது முடிவுக்கான தடயங்கள் முன்பக்கங்களில் ஒளிவுமறைவின்றிக் கிடக்க வேண்டும்.

தோற்றுவாய்

கதையின் போக்கு தலைகீழாவதையும், அறியாதிருந்த உண்மையைப் பாத்திரம் அறிவதையும் அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில் தனித்தனியே விளக்குகிறார். இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறப்பு என்று சொல்லி ஈடிப்பஸ் நாடகத்தை எடுத்துக்காட்டுகிறார். அது மேடைக்கான இலக்கணம். உரைநடைக் கதையில் இதன் மூதாதையைத் தேடுவோர் 1350களின் தொடக்கத்தில் நிறைவுற்ற பொக்காச்சியோவின் 'டெக்கமரான்' நூலுக்குச் செல்ல வேண்டும். அதில் ஐந்தாம் நாளின் ஒன்பதாம் கதை ஃபெதெரிகோ என்பவனுடையது. மோனா ஜியோவன்னா என்ற பெண்ணைக் காதலித்துச் சொத்தையெல்லாம் செலவழித்துவிட்ட அவனிடம் மிஞ்சியது ஒரு வல்லூறு மட்டும். விதவையாகிவிட்ட அவள் ஒருநாள் உணவுக்கு வருகிறாள். சமைக்க வீட்டில் எதுவுமில்லாமல் வல்லூறையே கொன்று பரிமாறுகிறான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் வந்த காரியத்தைச் சொல்கிறாள்: நோயில் கிடக்கும் அவள் மகன் அந்த வல்லூறைக் கேட்டானாம்.

ஐந்தரை நூற்றாண்டு கழித்து ஓ. ஹென்றி எழுதிய 'மாகிகளின் பரிசு' கதைக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பது கீழே வரும் அதன் சுருக்கத்தில் விளங்கும். ஆனால் பொக்காச்சியோ அங்கே நிறுத்தவில்லை. மகன் இறக்கிறான். மறுமணத்துக்கு வற்புறுத்தும் உடன்பிறந்தாரிடம் அவள் ஃபெதெரிகோவையே கேட்டு வாங்குகிறாள். இருவரும் சுகமாக வாழ்கிறார்கள். பழைய கதைகள் பெரும்பாலானவற்றில் திருப்பம் நடுவழியில் வரும் ஒரு நிறுத்தம்தான். பயணம் அதைத் தாண்டியும் போகும். ஆகவே இவ்வகைச் சிறுகதையின் கண்டுபிடிப்பு திருப்பம் அன்று, திருப்பத்திலேயே கதையை நிறுத்தும் துணிவு.

ஜெர்மன் ஆசிரியர்கள் இதற்குக் கோட்பாடு வகுக்க முயன்றார்கள். குறுங்கதைக்குத் திருப்புமுனை இன்றியமையாதது என்று டீக் 1829இல் எழுதினார். பால் ஹைசே 1871இல் மேற்கண்ட வல்லூறையே அளவுகோலாக்கி, ஒவ்வொரு கதைக்கும் அப்படியொரு தனி அடையாளம் வேண்டும் என்றார். எழுதுகிறவர்களுக்கு அதிகம் பயன்பட்டது எட்கர் ஆலன் போ சொன்னதுதான். 1842இல் ஹாதார்ன் கதைகளை மதிப்பிட்டபோது, ஒரே அமர்வில் படித்து முடிக்கும் கதை ஒரே விளைவை நோக்கிக் கட்டப்பட வேண்டும் என்றார். 1846இல், முடிவைத் தீர்மானித்துவிட்டே பேனாவை எடுக்க வேண்டும் என்றார். அவருடைய 'டாக்டர் டார், பேராசிரியர் ஃபெதர்' கதையில் (1845) மனநல விடுதியைப் பார்க்கப் போனவருக்கு விருந்து வைப்பவர்கள், காவலர்களை அடைத்துவிட்ட நோயாளிகளே. வாசகர் பாதியிலேயே ஊகித்துவிடுவதால் இதை ஒத்திகை என்றே கொள்ளலாம்.

இவ்வகையில் முழுமை பெற்ற தொடக்ககாலக் கதைகளில் ஒன்று அமெரிக்கரான தாமஸ் பெய்லி ஆல்ட்ரிச் 1873இல் அட்லாண்டிக் மன்த்லி இதழில் எழுதிய 'மார்ஜோரி டா'. காலை முறித்துக்கொண்டு நியூயார்க்கில் படுத்திருக்கும் நண்பனுக்குப் பொழுது போகட்டும் என்று டிலேனி என்பவன் கடிதம் எழுதுகிறான். எதிர்வீட்டில் வலை ஊஞ்சலில் ஆடும் அழகி ஒருத்தியைப் பற்றித் தொடர்ந்து எழுத, நண்பன் பாராமலே காதல் கொண்டு கால் சரியானதும் புறப்பட்டு வந்துவிடுகிறான். டிலேனி ஊரைவிட்டு ஓடியிருக்கிறான். அவன் விட்டுச்சென்ற கடிதத்தின்படி எதிரே வீடும் இல்லை, மார்ஜோரி டாவும் இல்லை. கதை அங்கேயே நிற்கிறது.

மாப்பசானும் நகைகளும்

பாரிஸ் நாளிதழ்களான கோலுவா, ஜில் பிளாஸ் இரண்டுக்கும் மாப்பசான் ஓயாமல் கதை எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியவை சுமார் 300. எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சேர்ந்தவற்றில் நகையைப் பற்றிய இரண்டு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை.

முதலாவது 1883இல் வந்த 'நகைகள்'. உள்துறை அமைச்சக ஊழியர் லாந்தானின் மனைவிக்கு நாடகம் பார்ப்பதும் போலி நகை வாங்குவதுமாக இரண்டே குறைகள். அவள் இறந்தபின் வறுமையில் ஒரு கழுத்தணியை ஆறேழு பிராங்காவது தேறட்டும் என்று விற்கக் கொண்டுபோகிறார். கடைக்காரர் அதை அசல் என்கிறார். விலை 18,000 பிராங்க். எல்லா நகையும் சேர்ந்து 2 லட்சத்தை நெருங்குகிறது. எளிய ஊழியரின் மனைவிக்கு இவ்வளவையும் கொடுத்தது யார் என்ற கேள்வியை லாந்தான் வெட்கத்தோடு விழுங்கிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். இங்கே மாப்பசான் இன்னும் பழைய வழக்கத்தை விடவில்லை. அவர் மறுமணம் செய்துகொண்டதையும், உத்தமியான இரண்டாம் மனைவி அவரைப் படுத்தியெடுத்ததையும் சொல்லித்தான் முடிக்கிறார்.

மறு ஆண்டு, 1884 பிப்ரவரி 17 அன்று, கோலுவா நாளிதழில் 'அட்டிகை' வெளியானது. கல்வி அமைச்சக எழுத்தரின் மனைவி மத்தில்த் அமைச்சர் தரும் விருந்துக்காக 400 பிராங்கில் உடை தைக்கிறாள். பழைய பள்ளித் தோழி திருமதி ஃபொரெஸ்தியேயிடம் வைர அட்டிகை இரவல் வாங்குகிறாள். விருந்து முடிந்து வீடு சேர்வதற்குள் அது தொலைந்துபோகிறது. கொக்கி உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகத் தோழிக்கு எழுதச் சொல்பவர் கணவர். அதேபோன்ற அட்டிகைக்கு ஒரு கடையில் 40,000 சொல்லி 36,000க்கு இறங்குகிறார்கள். தந்தை விட்டுப்போன 18,000 போக மீதி முழுக்கக் கடன். வேலைக்காரியை நிறுத்தி, கூரைக்கடியில் ஓர் அறைக்குக் குடிபோய், பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்து, 10 ஆண்டுகளில் கடனை அடைக்கிறார்கள். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்ஸ் எலீசே வீதியில் தோழியைப் பார்த்து மத்தில்த் உண்மையைச் சொல்ல, தோழி தன் அட்டிகை போலி என்றும் மிஞ்சினால் 500 பிராங்க் பெறும் என்றும் சொல்கிறாள். கதை முடிந்தது. மீதிப் பணம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்கும் வாசகர் இன்றும் உண்டு. மாப்பசான் சொல்லவில்லை.

தடயங்கள் மூன்று. இரவல் கேட்டபோது தோழி கொஞ்சமும் தயங்கவில்லை. பெட்டியில் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்காரரைத் தேடிப் போனால், அவர் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த அட்டிகையைத் தாம் விற்கவில்லை, பெட்டியை மட்டும் கொடுத்திருக்கலாம் என்கிறார். புது அட்டிகையைத் திருப்பிக் கொடுத்தபோது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியாகச் சொன்னதை மாப்பசான் கையாளும் விதம் தேர்ந்த கைக்குரியது. திறந்துவிடுவாளோ என்று மத்தில்த் நடுங்குவதை அவர் எழுதுவதால், வாசகரும் அவளோடு சேர்ந்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். ஏன் திறக்கவில்லை என்று கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை.

பாடநூல்கள் இக்கதையைப் பகட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று கற்பிப்பது பொருந்தாது. இரவல் பொருளைத் தொலைத்ததும் உண்மையைச் சொல்லாமல் விட்டதும், பிறகு சொல் தவறாமல் கடனைத் தீர்த்ததும்தான் அவர்களை அழித்தன.

இந்த நகை பல கை மாறியது. ஹென்றி ஜேம்ஸ் 1899இல் எழுதிய 'பேஸ்ட்' கதை, 'அட்டிகை'யின் நிலையைத் தலைகீழாக்கிப் பார்த்ததில் பிறந்தது என்று அவரே பின்னர் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். அதில் இறந்துபோன முன்னாள் நடிகையின் போலி முத்துக்கள் அசலாகிவிடுகின்றன. அவை எப்படி அவளிடம் வந்தன என்ற சங்கடமும் கூடவே வருகிறது. சாமர்செட் மாமின் 'எல்லாம் தெரிந்தவர்' கதையில் யோகோஹாமா செல்லும் கப்பலில் ஒரு பெண்ணின் முத்துமாலை அசலா போலியா என்று 100 டாலர் பந்தயம். மாலை அசல் என்று கண்டுகொண்ட கெலாடா, அவள் முகத்தில் தெரியும் பீதியைப் பார்த்துத் தாமே தோற்றதாகச் சொல்லிவிடுகிறார். மறுநாள் காலை கதவிடுக்கு வழியே ஓர் உறையில் 100 டாலர் வந்து சேர்கிறது. 'அட்டிகை' தவிர மற்ற மூன்று கதைகளிலும் நகையின் தரம் தெரிந்ததும் ஒரு மணவாழ்க்கையோ குடும்பப் பெயரோ ஆட்டம் காண்கிறது.

வகைகள்

உண்மையை யார் எப்போது அறிகிறார்கள் என்பதைக் கொண்டு இக்கதைகளைப் பிரிப்பதே தெளிவானது. 'அட்டிகை', 'மார்ஜோரி டா' இரண்டிலும் பாத்திரமும் வாசகரும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள், சேர்ந்தே அறிகிறார்கள். இதுவே செவ்வியல் வடிவம்.

வாசகரை மட்டும் ஏமாற்றுவது இரண்டாம் வகை. பியர்ஸின் 'ஆவுல் கிரீக் பாலத்தில் ஒரு சம்பவம்' (1890) அதில் தலைசிறந்தது. வடக்கு அலபாமாவில் ரயில் பாலத்தின் மீது தூக்கிலிட நிறுத்தப்பட்ட பெய்ட்டன் ஃபார்க்கர், கயிறு அறுந்து ஆற்றில் விழுந்து, குண்டுகளுக்குத் தப்பி, காட்டு வழியே வீடு வந்து மனைவியை நெருங்குகிறான். அத்தனையும் கயிறு இறுகும் கணத்தில் அவன் மனத்தில் ஓடியது. இதற்கான தடயம் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அவன் காதில் சம்மட்டி அடியாக விழும் ஓசை அவனுடைய கடிகாரத்தின் ஓசை. ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. காலம் அவனுக்குள் அப்போதே இழுபடத் தொடங்கிவிட்டது. ஷர்லி ஜாக்சனின் 'லாட்டரி' (1948) இதே வகை. கிராமத்தார் அனைவருக்கும் சீட்டு எதற்கென்று தெரியும், நமக்குத்தான் தெரியாது. நியூயார்க்கர் இதழில் அது வந்த கோடையில் தமக்கு வந்த 300க்கும் மேற்பட்ட கடிதங்களில் 13 மட்டுமே அன்பாகப் பேசின என்று ஜாக்சன் பின்னாளில் எழுதினார்.

மூன்றாவதில் பாத்திரங்களில் ஒருவரே ஏமாற்றுக்காரர். சாகியின் 'திறந்த ஜன்னல்' கதையில் நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு தேடி வந்தவரிடம் 15 வயதுப் பெண் வேரா, வேட்டைக்குப் போய்ச் சேற்றில் மாண்டவர்கள் வருவார்கள் என்று அத்தை ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பதாகக் கதை கட்டுகிறாள். உயிரோடிருக்கும் அவர்கள் வேட்டையிலிருந்து திரும்ப, விருந்தாளி ஓட்டம் பிடிக்கிறார். வேரா உடனே அடுத்த பொய்யைத் தயாராக வைத்திருக்கிறாள்: அவரைக் கங்கைக்கரை இடுகாடு ஒன்றில் தெருநாய்கள் துரத்தினவாம்.

வாசகரும் மையப் பாத்திரமும் அறிந்த உண்மை கடைசிவரை மற்றப் பாத்திரங்களுக்குத் தெரியாமலே போவது நான்காவது. கேட் ஷோபனின் 'ஒரு மணி நேரக் கதை' (1894), ரோல்ட் டாலின் 'கசாப்புக்குப் போன ஆட்டுக்குட்டி' (1953) இரண்டும் இதில் அடங்கும். டாலின் கதையில் துப்பறிய வந்த போலீசாரே கொலைக்கருவியைச் சாப்பிட்டுத் தீர்க்கிறார்கள். ஃபிராங்க் ஸ்டாக்டனின் 'பெண்ணா, புலியா?' (1882) முடிவே சொல்லாமல் விட்டதால் இப்பட்டியலில் இடம் பெறாது.

ஓ. ஹென்றி

இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். ஆஸ்டின் நகர வங்கியில் காசாளராக இருந்தபோது, கணக்குப் பராமரிப்பு தளர்வாயிருந்த அந்த வங்கியில் பணம் குறைந்த பழி அவர் மேல் விழுந்தது. ஹோண்டுராசுக்கு ஓடி, மனைவியின் நோய்க்காகத் திரும்பி, 1898இல் தண்டனை பெற்றார். ஒஹாயோ சிறையில் மருந்தாளராக வேலை பார்த்துக்கொண்டே கதைகள் எழுதி, 1901இல் விடுதலையாகி, 1902இல் நியூயார்க் வந்தார். நியூயார்க் வேர்ல்ட் நாளிதழுக்கு வாரம் ஒரு கதை, கதைக்கு 100 டாலர் என்பது ஒப்பந்தம். வாராவாரம் கெடுவுக்குள் முடிக்க வேண்டியவருக்கு முடிவை முதலில் வைத்துக்கொள்வது வசதியும்கூட.

'மாகிகளின் பரிசு' 1905 டிசம்பர் 10 அன்று வந்தது. டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட். தலைமுடியை 20 டாலருக்கு விற்று, ஜிம்மின் கடிகாரத்துக்கு 21 டாலரில் சங்கிலி வாங்குகிறாள். ஜிம்மோ கடிகாரத்தை விற்று அவள் முடிக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான். இதற்குப் பின்னும் ஆசிரியர் ஒரு பத்தி பேசி அவர்களை வாழ்த்துகிறார். இவ்வகையின் தலைமகனாகக் கொண்டாடப்படுபவர் மாப்பசானைப் போல வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவர் என்பதே அவரைப் பற்றிய நியாயமான குறை. 'கடைசி இலை', '20 ஆண்டுகளுக்குப் பின்' போன்றவற்றில் கடைசிச் சொல்லைப் பாத்திரங்களிடமே விட்டிருக்கிறார்.

மதிப்பீடும் பிற்காலமும்

ருஷ்ய விமர்சகர் ஐகன்பாம் 1925இல் ஓ. ஹென்றியை முன்வைத்து, சிறுகதை தன் எடை முழுவதையும் முடிவின் மீது வைக்கும் வடிவம் என்று வாதிட்டார். எதிர்த்தரப்பு, கடைசித் திருப்பத்தை நம்பாமல் எழுதிய செகாவைக் காட்டியது. 20ஆம் நூற்றாண்டின் பல்கலைக்கழகங்கள் செகாவின் பக்கம் சாய்ந்தன. 1919 முதல் வழங்கப்படும் ஓ. ஹென்றி பரிசையே அவரைப் போல் எழுதாதவர்கள் பெற்றுவந்தார்கள்.

பியர்ஸின் கதையை ரோபேர் என்ரிகோ படமாக்கி 1962இல் கான் விழாவில் குறும்பட விருது பெற்றார். ஹிட்ச்காக் 1958இல் டாலின் கதையைத் தொலைக்காட்சிக்கு இயக்கினார். 'மாகிகளின் பரிசு' ரிதுபர்ண கோஷின் 'ரெயின்கோட்' (2004) படத்துக்கு ஆதாரம். தமிழில் புதுமைப்பித்தன் மாப்பசானைத் தழுவிச் சில கதைகள் எழுதினார். பின்னர் சுஜாதாவும் குமுதத்தின் ஒரு பக்கக் கதைகளும் கடைசி வரித் திருப்பத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. இன்று குறும்படங்களிலும் இது தொடர்கிறது.