உப்பளக் கரையில் மஞ்சா

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இலங்கையில் தாம் கரையிறங்கிய இடத்தைப் 'பத்தாளா' என்று எழுதினார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கொழும்பில் அதிகாரம் செலுத்திய ஒருவரிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் என்ற செய்தியையும் அவரே பதிவு செய்துள்ளார். ஆகவே, ஆபிரிக்கர் இத்தீவுக்கு வந்த வரலாறு ஐரோப்பியர் வருகைக்கும் முற்பட்டது.

ஆயினும், புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் இன்று வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் கதை ஐரோப்பியரின் படைகளோடு பிணைந்தது. காப்பிரியர் என நம் நாட்டில் அழைக்கப்படும் இம்மக்களின் ஆடல்பாடலுக்கு 'மஞ்சா' என்று பெயர். அடிமைத்தனத்திலும் படைமுகாமிலும் அழியாத அக்கலை, நம் காலத்தில் ஏன் நலிகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைப் போர்வீரராகவும் பணியாளராகவும் இங்கு கொண்டுவந்தனர். 1658இல் அவர்களை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியது. கொழும்பின் கொம்பனித்தெரு அந்தக் கம்பனியின் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. கற்பிட்டிக் கோட்டையும் அக்கம்பனி எழுப்பியதே. பின்னர் வந்த பிரித்தானியரும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. 1798 முதல் 1805 வரை ஆளுநராயிருந்த பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில், கோவாவிலிருந்த போர்த்துக்கேயரிடமிருந்து ஆபிரிக்கர் விலைக்கு வாங்கப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

மலாய் வீரர்கள் பெரும்பான்மையாக இருந்த இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவில் ஆபிரிக்கரும் பணியாற்றினர். அப்படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. படைத்தொழில் போனபின் வீரர்களின் குடும்பங்கள் புத்தளப் பகுதியிலேயே வேரூன்றின. திரும்பிச் செல்ல அவர்களுக்கு ஓர் ஊர் இல்லை. மூதாதையர் எந்தக் கிராமத்தில் பிறந்தனர் என்பதைச் சொல்லும் ஏடும் இல்லை. எஞ்சியது பாட்டு ஒன்றே.

அந்தப் பாட்டின் மொழி ஆபிரிக்க மொழியன்று. போர்த்துக்கேய மொழி இம்மண்ணில் உருமாறிய கிரியோல். எசமானின் மொழியைத் தமதாக்கிக்கொண்டு, அதில் தம் தாளத்தை ஏற்றினர் இம்மக்கள். மஞ்சாப் பாடல்கள் பெரும்பாலும் சில வரிகளே கொண்டவை. அவ்வரிகள் திரும்பத் திரும்பப் பாடப்படும். மெதுவாகத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைந்து, ஆடுவோர் அனைவரையும் இழுத்துக்கொண்டு உச்சத்தை எட்டும். இசைக்கருவிகளைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. ரபானாவோடு தேங்காய்ச் சிரட்டைகளும், கரண்டியால் தட்டப்படும் கண்ணாடிப் போத்தலும் போதும். வீட்டில் இருப்பதே வாத்தியம். வீட்டில் இருப்பவரே கலைஞர்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. கடும் உழைப்பும் வறுமையும் மஞ்சாவை அழிக்கவில்லை. அத்தகைய வாழ்வின் சுமையை ஓரிரவேனும் இறக்கிவைக்க அதுவே வழியாயிருந்தது. அதனை நலியச் செய்தவை ஓசையின்றி வந்த நெருக்குதல்கள். பாடசாலையில் பிள்ளைகள் சிங்களத்தில் கற்றனர். தொழில் தேடி இளையோர் வெளியூர் சென்றனர். பிற சமூகங்களோடு திருமண உறவுகள் பெருகின. இவற்றில் எதையும் குற்றமெனச் சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் கூட்டு விளைவாகக் கிரியோல் வீட்டுமொழி என்ற நிலையை இழந்தது. வார்த்தைகள் வாயில் நிற்கின்றன. பொருளோ மூத்தோரின் நினைவோடு மறைந்துவருகிறது. சிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர்கள் இப்பாடல்களைப் பதிவு செய்திருப்பது பெரும் பணி. எனினும், ஏட்டில் உள்ள பாட்டும் முற்றத்தில் பாடப்படும் பாட்டும் ஒன்றல்ல.

மேடை மஞ்சாவுக்குப் புதிய வாழ்வைத் தந்தது என்பது உண்மை. கொழும்பு விழாக்களும் ஆய்வரங்குகளும் சிறாம்பியடியினரை அழைத்தன. அழைப்போடு நிபந்தனைகளும் வந்தன. இரவெல்லாம் வளரும் ஆட்டம் சில நிமிட நிகழ்ச்சியாகச் சுருங்க வேண்டும். பார்வையாளர் மனத்திலுள்ள 'ஆபிரிக்கா' உடையில் தெரிய வேண்டும். இது நம்மவர் மட்டும் எதிர்கொண்ட சிக்கலன்று. குஜராத்தின் சித்தி மக்கள் பாவா கோர் என்னும் இறைநேசரின் தர்காவில் பக்தியோடு ஆடும் ஆட்டம், 'சித்தி கோமா' என்ற குழுவின் மூலம் ஐரோப்பிய, அமெரிக்க அரங்குகளுக்குச் சென்றது. அங்கும் வழிபாடு, கடிகாரம் பார்த்து ஆடும் காட்சியாயிற்று. ஆயினும் அப்பயணங்கள் அவர்களுக்கு வருவாயும் மதிப்பும் தந்தன. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மேடையை மட்டும் நம்பும் கலைக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், 2020இன் கொள்ளைநோய், 2022இன் பொருளாதார வீழ்ச்சி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்நாட்டின் அரங்குகளையும் சுற்றுலாவையும் முடக்கின. அழைப்பவர் இல்லாதபோது கூலிக்கு ஆடும் கலைஞன் என்ன செய்வான்? வீட்டு முற்றத்திலும் ஆடப்படும் கலையே அத்தகைய காலங்களைத் தாண்டி நிற்கும்.

எனவே, மஞ்சாவைக் காக்க விரும்புவோர் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, அழைக்கும்போது அவர்களை அரிய காட்சிப்பொருளாக அன்றிக் கலைஞராக மதித்து, உரிய ஊதியம் கொடுத்து, ஆட்டம் தானாக உச்சத்தை எட்டும் நேரத்தையும் கொடுப்பது. இரண்டாவது, பாடல்களின் பொருளைச் சிறாம்பியடிப் பிள்ளைகள் அறிந்த மொழியில் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுப்பது. முதியோர் சிலராவது விளக்கிச் சொல்ல இருக்கும்போதே இப்பணி முடிய வேண்டும்.